கஞ்சாவை நிறுத்திய முதல் 30 நாள்: செட்டிநாட்டு வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

கஞ்சாவை நிறுத்தி மூன்றாம் நாள் ராத்திரி, இரண்டு மணிவாக்கில் விழிப்பு வரும். பனியன் முதுகோடு ஒட்டியிருக்கும். தலையணை உறையைத் தொட்டால் ஈரம் கையில் பிசுபிசுக்கும். வாய் வறண்டு, நெஞ்சு படபடக்க, சற்றுமுன் கண்ட கனவு கண் திறந்த பிறகும் கலையாமல் நிற்கும். அந்த நேரத்தில் வருகிற நினைப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: "எனக்கு என்னமோ ஆகிப்போச்சு, அது இல்லாம நான் இருக்க முடியாது." நிறுத்தியவரை மறுபடி பொட்டலத்திடம் கூட்டிப்போவது இந்த நினைப்புதான்.

அது தப்பான கணக்கு. அந்த ராத்திரியில் தெரிவது உங்கள் இயல்பு இல்லை. பழகிய பொருளை எடுத்துவிட்டதால் உடம்பு படுகிற பாடு அது. டாக்டர்கள் இதை 'வித்டிராயல்' என்பார்கள். நாம் விலகல் தொந்தரவு என்று சொல்லிக்கொள்ளலாம். இது என்றைக்குத் தொடங்கும், எப்போது உச்சத்துக்குப் போகும், எப்போது அடங்கும் என்பது ஏறக்குறைய முன்னாலேயே தெரிந்த விஷயம். தெரிந்துகொண்டு வீட்டையும் சாப்பாட்டையும் சாயங்கால நேரத்தையும் அதற்கேற்ப ஒழுங்கு பண்ணிக்கொண்டால் வீட்டிலிருந்தே கடந்துவிட முடியும். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் நிறுத்த நினைக்கிறவர்களுக்கும், அவர்களோடு ஒரே வளவில் இருக்கும் ஆத்தா, அப்பச்சி, மனைவிமாருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம்.

தனியாக நிறுத்தக் கூடாதவர்கள்

இதை முதலில் படித்துவிடுங்கள். கஞ்சா மட்டும்தான் பழக்கம் என்றால், ஒரேயடியாக நிறுத்துவதால் உயிருக்கு ஆபத்து வருவதில்லை. சிரமம் உண்டு, ஆபத்து இல்லை. ஆனால் தினமும் மதுவும் குடிக்கிறவர், அல்பிரசோலம், நைட்ரசிபாம் மாதிரி தூக்க மாத்திரையைப் பல வாரமாகத் தொடர்ந்து போடுகிறவர், எல்லாவற்றையும் ஒரே நாளில் விடக் கூடாது. மதுவையோ அந்த மாத்திரையையோ திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், சித்தம் கலங்கலாம், உயிரே போகலாம். அவற்றை டாக்டர் சொல்லும் அளவில்தான் குறைக்க வேண்டும். டாபென்டடால் போன்ற வலி மாத்திரையைப் போதைக்காக எடுக்கிறவருக்கும் இதே பேச்சு. அதன் விலகல் தொந்தரவு வேறு மாதிரி, மருத்துவமும் வேறு.

முன்பு எப்போதாவது யாருமில்லாத இடத்தில் குரல் கேட்டவர், "என்னை யாரோ பின்தொடர்கிறார்கள்" என்று பயந்தவர், தற்கொலை எண்ணம் வந்தவர், கர்ப்பமாக இருப்பவர்: இவர்களும் தேதி குறிக்கும் முன்பே மனநல மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

மூலிகைதானே என்கிற பேச்சு

"இது செடி, மூலிகை, இதுக்கெல்லாம் அடிமை ஆக மாட்டாங்க" என்று கண்மாய்க் கரையில் உட்கார்ந்து சொல்கிறவர் இன்னும் இருக்கிறார். புகையிலையும் செடிதான். கஞ்சாவில் இருக்கும் டிஎச்சி என்ற வேதிப்பொருள் மூளையில் சிபி1 என்ற ஏற்பிகளில் (வேதிப்பொருள் வந்து பொருந்தும் இடங்களில்) போய் உட்காருகிறது. தூக்கம், பசி, கோபம், பதற்றம் எல்லாம் இந்த ஏற்பிகளோடு சம்பந்தப்பட்டவை. தினமும் வெளியிலிருந்து டிஎச்சி வந்து கொட்டினால் மூளை தன் ஏற்பிகளைக் குறைத்துக்கொள்ளும். அதனால்தான் ஒரு சுருட்டில் கிடைத்தது பிறகு மூன்றில்கூடக் கிடைப்பதில்லை. திடீரென்று நிறுத்தும்போது வெளியே இருந்து வருவதும் இல்லை, உள்ளே ஏற்பிகளும் குறைவு. எனவே கஞ்சா எதையெல்லாம் அமுக்கி வைத்திருந்ததோ அதெல்லாம் ஒருசேரக் கிளம்புகிறது: தூக்கமின்மை, பசியின்மை, எரிச்சல், பதற்றம்.

ஏற்பிகள் மீளத் தொடங்க இரண்டு நாளே போதும்; நாலு வாரத்தில் ஏறக்குறைய பழைய நிலைக்கு வந்துவிடுகின்றன. 30 நாள் என்று இங்கே கணக்கு வைத்ததற்கு அதுதான் காரணம்.

கஞ்சாவைத் தொட்டவர் எல்லோரும் அடிமையாவதில்லை. ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு அது பிடிப்பாகிறது. பள்ளிக்கூட வயதிலேயே ஆரம்பித்தவரில் ஆறில் ஒருவருக்கு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்க் கையேட்டின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பில் கஞ்சா விலகலைத் தனி நோய்நிலையாகச் சேர்த்தது. எரிச்சல் அல்லது கோபம், பதற்றம், தூக்கக் கோளாறு, பசியின்மை, இருப்புக்கொள்ளாமை, மனச்சோர்வு, உடல் தொந்தரவு (வயிற்றுவலி, நடுக்கம், வியர்வை, காய்ச்சல், குளிர், தலைவலி) என்ற ஏழில் குறைந்தது மூன்று, நிறுத்திய ஒரு வாரத்துக்குள் வந்தால் அது விலகல்தான் என்பது அதன் கணக்கு.

உங்களுக்குப் பிடிப்பு உண்டா என்று பார்க்க ஒரு வழி: நினைத்த அளவோடு நிறுத்த முடிகிறதா? குறைக்கப் பார்த்துத் தோற்றிருக்கிறீர்களா? அதற்காக வேலை, படிப்பு, வீட்டு விசேஷம் எதையாவது தவிர்த்திருக்கிறீர்களா? தீங்கு என்று தெரிந்தும் தொடர்கிறீர்களா? முன்பு போதுமான அளவு இப்போது போதாமல் இருக்கிறதா? ஒரு வருஷத்துக்குள் இவற்றில் இரண்டுக்கு 'ஆமாம்' என்றால் பிரச்சினை தொடங்கிவிட்டது.

நாள் கணக்கு

முதல் நாள் பெரிதாக ஒன்றும் தெரியாது. டிஎச்சி கொழுப்பில் தங்குவதால் மெல்லத்தான் வெளியேறும். "இவ்வளவுதானா, சுலபமா இருக்கே" என்று தோன்றும். அதை நம்பி ஆயத்தங்களைக் கைவிடுகிறவர்தான் மூன்றாம் நாள் சறுக்குகிறார்.

24 முதல் 72 மணி நேரத்துக்குள் தொந்தரவு ஆரம்பிக்கும். இரண்டாம் நாள் சாயங்காலம் சட்டென்று கோபம் வரும். சாப்பாட்டைப் பார்த்தால் வயிறு மூடிக்கொள்ளும். மூன்றிலிருந்து ஏழாம் நாள் வரை உச்சம். காபித் தம்ளரைத் தூக்கினால் விரல் நுனி லேசாக நடுங்குவது தெரியும். இரண்டாம் வாரத்தில் வியர்வை, தலைவலி, வயிற்றுப் பிரச்சினை அடங்கும், பசி திரும்பும். தூக்கமும் கனவும்தான் கடைசியாகச் சரியாகும், ஒரு மாதமோ அதற்குச் சற்று மேலோ ஆகலாம். இடையில் ஒரு வெறுமை வரும்: பாட்டு, கிரிக்கெட், ஊர்க் கதை எதுவும் ருசிக்காது. அதுவும் மெல்லக் கலையும். இரண்டு வாரத்துக்குப் பிறகும் கனத்துக்கொண்டே போனால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள்.

தேதிக்கு முந்தைய மூன்று நாள்

'திருவிழா முடியட்டும்' என்று தள்ளினால், கொப்புடையம்மன் தேர், அதற்குப் பிறகு யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணம், அப்புறம் தீபாவளி என்று வருஷம் ஓடிவிடும். ஆனால் மஞ்சுவிரட்டுக்கு முந்தைய நாளைத் தேர்ந்தெடுப்பதும் வீண். அடுத்த எட்டு நாளுக்குள் விசேஷமோ பரீட்சையோ இல்லாத தேதியாக, வாரக் கடைசி மூன்றாம் நாளாக வரும்படிப் பாருங்கள். வியாழக்கிழமை நிறுத்தினால் சனி, ஞாயிறு வீட்டில் கழியும்.

செல்போனில் பணம் அனுப்பிய கணக்கைத் திறந்து, கடந்த மூன்று மாதத்தில் பொட்டலத்துக்குப் போன தொகையையும் தேதிகளையும் ஒரு தாளில் எழுதுங்கள். தொகையைவிடத் தேதிகளும் நேரமும் முக்கியம். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, யார் கூட இருக்கும்போது என்பது அதிலேயே வரிசையாக வந்து நிற்கும். அந்த நேரங்கள்தான் இனி நீங்கள் காவல் வைக்க வேண்டியவை.

ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை இழுக்கிறவருக்கு ஒரேயடியாக விடுவது மலைப்பாக இருந்தால் இரண்டு வாரத்தில் குறைக்கலாம். முதலில் வெட்ட வேண்டியது காலை எழுந்ததும் இழுப்பது. அடுத்து இரண்டு, மூன்று நாளைக்கு ஒருமுறை ஒரு தடவையை வெட்டி, ராத்திரித் தடவையைக் கடைசியாக வையுங்கள். ஆனால் கையில் பொட்டலம் இருக்கும்போது அளவோடு நிற்பது கடினம். குறைக்கிறேன் என்று சொல்லி மூன்று வாரம் கடந்துவிட்டால் அந்த வழி உங்களுக்கு ஒத்துவரவில்லை என்று பொருள். ஒரு தேதியில் நிறுத்திவிடுங்கள்.

பிறகு துப்புரவு. மிச்சம் இருக்கும் தூள், சுருட்டுகிற தாள், சிலும்பி, நறுக்கும் கத்தரி, லைட்டர் எல்லாம் வெளியே போக வேண்டும். பைக்கின் சீட்டுக்கு அடியில், சட்டைப் பையின் தையல் ஓரத்தில், அலமாரி மூலையில் பாருங்கள். துவைத்து மடித்த சட்டையின் பைக்குள் விரலை விட்டால் நகத்தில் இரண்டு விதையும் கொஞ்சம் பச்சைத் தூளும் ஏறி வரும். ஐந்தாம் நாள் அந்த வாசனையே போதும். பைகளை வெளிப்புறமாகத் திருப்பி உதறுங்கள். விற்கிறவர் எண்ணை முடக்கி, அழித்துவிடுங்கள். "இன்னைக்கு எங்க?" என்று கேட்கும் வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகுங்கள்.

சிகரெட்டைப் பிரித்துப் புகையிலையோடு கஞ்சா கலந்து இழுத்தவரா? அப்படியானால் நிக்கோட்டினும் சேர்ந்து நிற்கிறது. இதைக் கவனிக்காததால்தான் பலருக்கு முதல் வாரம் இரண்டு மடங்கு கொடுமையாக இருக்கிறது. மருந்துக் கடையில் 2 மி.கி. நிக்கோட்டின் சூயிங்கம் கிடைக்கும். மிட்டாய் போல மென்றுகொண்டே இருக்கக் கூடாது. காரம் தெரியும்வரை மெல்ல மென்று, கன்னத்தோரம் ஒதுக்கி வைத்து, காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும். அரை மணி நேரம் வரும். அதற்கு 15 நிமிடம் முன்னும் மெல்லும்போதும் காபி, டீ குடித்தால் மருந்து சரியாக உறிஞ்சாது. புகையிலையை விடுவதற்கு 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது.

சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு

பகல் எப்படியோ ஓடிவிடும். வெயில் தாழ்ந்து, ஊருணிப் படியில் ஆட்கள் சேரும் நேரம்தான் சோதனை. பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டின் பின்கட்டு, ரயில் தண்டவாள ஓரம், கண்மாய்க் கரை என்று உங்களுக்கு ஒரு வழக்கமான இடம் இருக்கும். முதல் 30 நாள் அந்த வழியாகவே போகாதீர்கள், சுற்றுவழியானாலும் சரி. இடமும் நேரமும் ஆளும் சேர்ந்தால் உடம்பு கேட்காமலே கேட்கத் தொடங்கும்.

ஆசை அலை மாதிரி ஏறி இறங்கும். பெரும்பாலும் 15, 20 நிமிடத்தில் தணிந்துவிடும். கொடுக்காவிட்டால் ஏறிக்கொண்டே போகும் என்று தோன்றும், ஆனால் அப்படிப் போவதில்லை. மணியைப் பாருங்கள். எழுந்து இடத்தை மாற்றுங்கள். கிணற்றடியிலோ குளியலறையிலோ தலைக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு கடலை மிட்டாயோ நெல்லிக்காயோ வாயில் போடுங்கள். முன்கூட்டியே சொல்லி வைத்த ஒருவருக்கு போன் போடுங்கள். "இப்ப இழுக்கணும் போல இருக்கு, பத்து நிமிஷம் பேசு" என்றால் போதும். கைக்கு வேலை வேண்டும்: வண்டி துடைப்பது, முற்றம் கழுவுவது, பரண் ஒழிப்பது, எதுவாயினும். உட்கார்ந்துகொண்டு மனசோடு சண்டை போடாதீர்கள், அதில் ஜெயிப்பது அரிது.

ராத்திரி

கஞ்சா, கனவு வரும் தூக்க நிலையை அமுக்கி வைத்திருக்கும். நிறுத்தியதும் அது வட்டியோடு திரும்புகிறது. அதனால்தான் கனவுகள் அவ்வளவு துல்லியமாக, சில நேரம் கொடூரமாக வருகின்றன. கனவில் இழுத்துவிட்டுக் குற்றவுணர்ச்சியோடு விழிப்பதும் சகஜம். அது சறுக்கல் இல்லை.

எத்தனை மணிக்குத் தூங்கினாலும் எழுகிற நேரம் ஒன்றாக இருக்கட்டும், உதாரணமாக ஐந்தரை. பொழுது விடிந்ததும் 30, 40 நிமிடம் வெயில் முகத்தில் படும்படி நடங்கள். பகலில் தூங்காதீர்கள், தாங்கவே முடியாவிட்டால் மூன்று மணிக்கு முன் 20 நிமிடம். மத்தியானத்துக்குப் பிறகு காபி, டீ கூடாது. முன்பு கஞ்சா தந்த மந்தம் காபியின் வேகத்தை மறைத்திருக்கும். இப்போது அதே காபி நெஞ்சைப் படபடக்க வைக்கும். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்தால் உடம்பு குளிர்ந்து தூக்கம் பிடிக்கும்.

வெயில் காலத்தில் நிறுத்துகிறவருக்கு வியர்வை பெரிய தொல்லை. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை குளுகுளுவென்று இருக்கிறதே என்று வெறுந்தரையில் படுத்தால், வியர்த்த உடம்பு விடியற்காலையில் நடுங்கும். கோரைப் பாய் விரித்து, மேலே பருத்தி வேட்டி போட்டுப் படுங்கள். பக்கத்தில் மாற்றுப் பனியன், ஒரு துண்டு, ஒரு செம்பு தண்ணீர். விழித்ததும் துடைத்து, மாற்றி, தண்ணீர் குடித்துவிட்டுப் படுங்கள். 20 நிமிடத்தில் தூக்கம் வராவிட்டால் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் திண்ணையிலோ பட்டாலையிலோ உட்காருங்கள். கண் சொக்கும்போது திரும்பிப் போகலாம். செல்போனைத் தொட வேண்டாம்.

முதல் வாரத் தூக்கக் கலக்கத்தில் பைக் ஓட்டுவதையும், மர அறுவை, மின்வேலை மாதிரி வேலைகளையும் முடிந்தவரை தள்ளிப் போடுங்கள்.

சாப்பாடு

முதல் ஐந்து நாள் பசி வராது என்று எடுத்துக்கொண்டே திட்டம் போடுங்கள். "கறி போட்டுத் தாரேன், சாப்பிட்டாத்தான் தெம்பு" என்று ஆத்தா கறிக்குழம்பும் வறுவலும் வைத்தால், மிளகும் எண்ணெயும் குமட்டலைக் கூட்டும். இது அக்கறையால் வருகிற தப்பு, முதலிலேயே சொல்லிவிடுங்கள். மூன்று வேளைத் தட்டுக்குப் பதில் இரண்டரை மணி நேரத்துக்கு ஒரு சின்னக் கிண்ணம் என்று வையுங்கள்.

காலையில் நீராகாரமோ மோர் ஊற்றிக் கரைத்த பழைய சோறோ. பத்து மணிக்கு இரண்டு இட்லி, அல்லது தேங்காய்ப்பாலில் ஊறிய இடியாப்பம். மத்தியானம் குழைந்த சோறும் தண்ணிக் குழம்பும். அதில் பருப்புத் தண்ணீர் இருப்பதால் மெல்லாமலே சத்து இறங்கும். நாலு மணிக்கு எலுமிச்சை அளவு கும்மாயம்: உளுந்து, கருப்பட்டி, நெய் மூன்றும் சேர்ந்தது, கொஞ்சத்திலேயே தெம்பு தரும். இரவு கஞ்சி, அல்லது காரம் குறைத்த ரசம் சோறு. கவுனி அரிசியை முந்தைய ராத்திரியே ஊறவைத்து நன்றாகக் குழைய வேகவைக்காவிட்டால் செரிக்காது; ஊறவைக்க மறந்த நாளில் அதைத் தொடாதீர்கள். வெள்ளைப் பணியாரம் மாதிரி எண்ணெயில் வேகும் பலகாரம் இரண்டாம் வாரத்துக்கு. பசி திரும்பியதும் இனிப்பின் மேல் ஆசை பாயும்; சில நாள் விட்டுப் பிடிக்கலாம்.

தண்ணீர் ஒரு நாளைக்கு இரண்டரையிலிருந்து மூன்று லிட்டர். வியர்வையோ பேதியோ அதிகமென்றால் உப்புச் சர்க்கரைக் கரைசல் (ஓ.ஆர்.எஸ்.): பெரிய பாக்கெட் ஒன்றை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுவதுமாகக் கரைக்க வேண்டும். பாதிப் பாக்கெட், ஒரு டம்ளர் என்று மதிப்பாகக் கலந்தால் உப்பின் அளவு கெட்டுவிடும். தலைவலிக்கு 500 மி.கி. பாரசிட்டமால் ஒன்று போடலாம்.

ஒரு எச்சரிக்கை. இழுத்துக்கொண்டிருந்த காலத்திலேயே அடிக்கடி வாந்தி வந்து, சுடுதண்ணீரில் குளித்தால் மட்டும் அடங்கியிருந்தால் அது வேறு: நீண்டநாள் கஞ்சாவால் வரும் வாந்தி நோய். முழுவதும் நிறுத்தினால்தான் தீரும். நிறுத்திய பிறகும் சில நாள் நீடிக்கலாம். தண்ணீரே தங்கவில்லை, சிறுநீர் போவது குறைந்துவிட்டது என்றால் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருக்கும், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வீட்டார் செய்ய வேண்டியது

மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை மகன் எரிந்து விழுவான். சோற்றில் உப்பு கூடியதற்குத் தட்டைத் தள்ளுவான். அதை அவன் குணம் என்று எடுத்துக்கொண்டு பதிலுக்குப் பதில் பேசினால் வீடு ரெண்டுபடும், அவனுக்கு வெளியே போக ஒரு சாக்கும் கிடைக்கும். முக்கியமான பேச்சு எல்லாம் காலையில். சாயங்காலம் ஐந்துக்கு மேல் விவாதம் வேண்டாம். "இன்னைக்கு எப்படி இருக்கு?" என்று ஒரு தடவை கேளுங்கள், பத்து தடவை வேண்டாம். ஆனால் கோபத்தைப் பொறுப்பது வேறு, அடியைப் பொறுப்பது வேறு. கை ஓங்கினால் விலகி, அக்கம்பக்கத்தாரைக் கூப்பிடுங்கள்.

பங்காளிகள், சம்பந்தி வீடு என்று ஊரெல்லாம் சொல்லாதீர்கள். 'ஒரு கால்கட்டுப் போட்டா சரியாப் போயிடும்' என்று பெண் பார்க்கவும் கிளம்பாதீர்கள். கல்யாணம் கஞ்சாவுக்கு மருந்தில்லை, வருகிற பெண்ணுக்குத்தான் பாரம். அவனுக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்கச் சொல்லி விற்கும் பொடியை வாங்காதீர்கள். அதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, கலந்தது அவனுக்குத் தெரிந்தால் உங்கள் மேல் நம்பிக்கையும் போய்விடும். மறுவாழ்வு இல்லத்தில் சேர்ப்பதென்றால் மாநில மனநல ஆணையத்தில் பதிவு உள்ளதா, மருத்துவர் வருகிறாரா, வீட்டார் பார்க்க விடுகிறார்களா என்று கேட்டுவிட்டுச் சேர்க்க வேண்டும். அடித்துத் திருத்துகிறோம் என்று சொல்லும் இடத்தில் விடாதீர்கள்.

மருந்தும் ஆஸ்பத்திரியும்

கஞ்சா விலகலுக்கென்றே தனியாக அங்கீகரிக்கப்பட்ட மருந்து இதுவரை இல்லை. தூக்கத்துக்கோ பதற்றத்துக்கோ டாக்டர் சில நாளுக்கு மாத்திரை தரலாம். அதை அவர் சொன்ன நாளோடு நிறுத்துங்கள். நண்பர் கொடுத்த தூக்க மாத்திரையும், "ஒரு குவார்ட்டர் போட்டா தூக்கம் வரும்" என்ற யோசனையும் ஒரு பிடியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதுதான். நிரூபணமான உதவி பேச்சுச் சிகிச்சை: எந்தச் சூழலில் ஆசை வருகிறது, அப்போது என்ன செய்வது என்று வாரம் ஒருமுறை ஆலோசகரோடு உட்கார்ந்து பழகுவது.

காரைக்குடி அரசு மருத்துவமனையிலோ, சிவகங்கை, புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலோ மனநலப் பிரிவைக் கேளுங்கள். உள்ளூரில் தெரிந்த முகம் பார்த்துவிடும் என்று கூசுகிறவர் மதுரை ராஜாஜி மருத்துவமனைக்குப் போகலாம். போனிலேயே பேச, போதை மீட்புக்கு 14446. மனநலத்துக்கு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசுவார்கள். குரல் கேட்பது, யாரோ கொல்ல வருகிறார்கள் என்ற பயம், சாக வேண்டும் என்ற எண்ணம், வலிப்பு: இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் 108.

போலீசில் மாட்டிவிடுவார்களோ என்ற பயத்தில் பலர் டாக்டரிடமே போவதில்லை. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி கஞ்சா பயன்படுத்துவது குற்றம்தான். ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, பயன்படுத்திய குற்றத்திலோ சிறிய அளவு வைத்திருந்த குற்றத்திலோ சிக்கிய அடிமை, தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த இடத்திலோ சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது; சிகிச்சையை முழுமையாக முடிக்க வேண்டும். நோயாளியின் தகவலை ரகசியமாக வைக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் சொல்கிறது.

சிங்கப்பூர், வளைகுடா வேலைக்கு மருத்துவப் பரிசோதனை காத்திருக்கிறவர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தினமும் இழுத்தவரின் சிறுநீரில் 30 நாளும் அதற்கு மேலும்கூடத் தடயம் தெரியலாம். அதைக் கழுவி எடுக்கிற பானம் எதுவும் இல்லை.

மாலை போட்டவர்களும், சறுக்கியவர்களும்

கார்த்திகையில் சபரிமலைக்கோ, தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழநிக்கு நடக்கவோ மாலை போட்டு, அந்த நாட்களில் எதையும் தொடாமல் இருந்தவர் நம் பக்கம் ஏராளம். ஒரு மண்டலம் என்பது பொதுவாக 48 நாள், சபரிமலைக் கணக்கில் 41 நாள். விலகலின் கடினமான காலம் முழுவதும் அதற்குள் அடங்கிவிடுகிறது. விரதம், அதிகாலைக் குளியல், சாமி என்று கூப்பிடும் ஊர், சேர்ந்து நடக்கும் கூட்டம் எல்லாம் உதவும். நோன்பு மாதத்தில் நிறுத்துகிறவருக்கும் இப்படித்தான். ஆனால் முதல் வாரத்தில் ஒருவேளைச் சாப்பாடு என்று கடுமை காட்டாதீர்கள், பசியின்மையோடு சேர்ந்து மயக்கம் வரும்.

சிக்கல், மாலை கழற்றும் நாள். "அம்பது நாள் தாக்குப்பிடிச்சாச்சு, ஒண்ணு போட்டா என்ன" என்று யாராவது அன்றைக்கே கேட்பார். அன்று சாயங்காலம் எங்கே, யாரோடு என்பதை ஒரு வாரம் முன்பே முடிவு செய்துவிடுங்கள். இன்னொன்று: ஏற்பிகள் மீண்டுவிட்டதால் பழைய அளவு இப்போது உடம்புக்கு மிக அதிகம். நெஞ்சு அடித்துக்கொள்வதும், செத்துப்போய்விடுவோம் என்ற பீதியும், வாந்தியும் அப்படித்தான் வருகின்றன.

அப்படியும் சறுக்கிவிட்டால், மிச்சப் பொட்டலத்தை முடித்துவிட்டு நாளைக்கு நிறுத்தலாம் என்று நினைக்காமல் அதை உடனே கொட்டுங்கள். ஒரு நாள் இழுத்ததால் ஏற்பிகள் முதல் நாள் நிலைக்குப் போய்விடுவதில்லை. தொடர்ந்து இழுத்தால் போகத் தொடங்கும். சொல்லி வைத்த ஆளிடம் அன்றைக்கே சொல்லுங்கள். பழைய தாளை எடுத்து நேரம், இடம், கூட இருந்தவர், அதற்கு முன் சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்று ஐந்தையும் எழுதுங்கள். மூன்று சறுக்கலை இப்படி எழுதினால் ஏதோ ஒன்று மூன்றிலும் திரும்பத் திரும்ப வரும். அடுத்த தேதியைக் குறிக்கும் முன் அந்த ஒன்றை மாற்றுங்கள்.